வாய் சொன்ன நிறையும் தராசு சொன்ன நிறையும்

முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுக்குள் போய், உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் அவருடைய நிறையைக் கேட்பதுதான் என் தொழில். கனடாவில் எத்தனை பேருக்கு உடற்பருமன் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆய்வில், அதன் பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றில், மூன்று மாதச் சோதனைக் காலத்துக்குச் சேர்ந்திருந்தேன். முதலில் வாயால் கேட்டு எழுத வேண்டும். பிறகு பையில் கொண்டுபோகும் தராசில் ஏற்றிப் பார்த்து எழுத வேண்டும். கதவு தட்டிப் பிழைக்கும் எல்லாருக்கும் என் நிலை புரியும். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. வேலை நிரந்தரமாகும் முன்பே அப்பா ரொறன்ரோ வரைக்கும் உறவினருக்கெல்லாம் ஃபோன் செய்து சொல்லிவிட்டார்.

பழைய நிறை

நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் ஒரு டாக்சி ஓட்டுநர், யாழ்ப்பாணத்துக்காரர். நிறை கேட்டதும் யோசிக்காமல் எழுபது கிலோ என்றார். எழுதிக்கொண்டேன். தராசில் ஏறினார், எண்பத்தொன்பது. தராசு பழுதாக இருக்கும் என்று அவர் நினைக்க, எனக்கும் பயம் வந்து, நானே ஏறிக் காட்டினேன். அலுவலகத்தில் சரிபார்த்தபோது காட்டிய அதே எண்ணைத்தான் காட்டியது, நான் வெளியில் சொல்லும் எண்ணை அல்ல. அவர் மறுபடி ஏறி எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எழுபது எண்டது கனடாவுக்கு வரேக்க மெடிக்கலிலை எழுதினது, பிள்ளை. அதுக்குப் பிறகு என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

கழித்துவிடச் சொன்னவர்

புரோசார்டில் ஒரு அன்ரி. சப்பாத்து, கைப்பை, கனமான நகை எல்லாவற்றையும் கழற்றச் சொல்ல வேண்டும் என்பது விதி. தாலிக்கொடியை எப்படிக் கழற்றச் சொல்வது? நான் அந்த வரியை மெதுவாக வாசித்துவிட்டு நிலத்தைப் பார்த்தேன். கொடியோடுதான் ஏறுவேன், பதினொரு பவுண், அதைக் கழித்து எழுது என்றார் அன்ரி. அப்படிக் கழிக்க இடமில்லை என்று சொல்லி, குறிப்புப் பகுதியில் 'நகையுடன்' என்று எழுதினேன். அவருக்குத் திருப்தியில்லை. சோபாவில் இருந்த கணவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"பதினொரு பவுண் நூறு கிராமும் வராது. மிச்சத்தை எங்கை கழிக்கப் போறீர்?"

தொண்ணூறு என்று போடுங்கள்

சோதனைக் காலத்தின் கடைசி வாரம் மேற்பார்வையாளர் மரீஸ் கூப்பிட்டார். என் பட்டியலில் 'அளக்க மறுத்தார்' அதிகமாம். வேலையை நீடிப்பதா என்று வெள்ளிக்கிழமை பேசுவோம் என்றார். வியாழக்கிழமை இல்-பிசாரில் ஒரு வீடு. சென்னையிலிருந்து வந்த பொறியியலாளர் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தராசை எடுத்ததும் கையைக் கட்டிக்கொண்டார். வாயால் சொன்ன தொண்ணூறையே அங்கேயும் போடச் சொன்னார்.

போட்டிருக்கலாம். என் பட்டியலில் ஒரு மறுப்புக் குறைந்திருக்கும். பேனாவைக் கொண்டுபோய், எழுதாமல் எடுத்தேன். மறுத்தார் என்றுதான் எழுதுவேன், அது உங்கள் உரிமை என்றேன். ஆனால் இந்த ஆய்வில் அவர் ஒருவர் அவரைப் போன்ற பல நூறு பேருக்காக நிற்கிறார், அவர் குறைத்துச் சொன்னால் அத்தனை பேரும் குறைந்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஏறினார்:

"என் தொப்பையை அத்தனை பேர் தலையில கட்டப் போறீங்க. சரி, நம்பரை மட்டும் சத்தமாப் படிக்காதீங்க, வொய்ஃப் உள்ள இருக்கா."

நூற்றிரண்டு. மௌனமாக எழுதினேன்.

வெள்ளிக்கிழமை

மரீஸ் என் படிவங்களை விரித்து வைத்திருந்தார். மறுப்புகள் இன்னும் அதிகம்தான். அடுத்த மாதமும் அப்பா பெருமையாகச் சொல்ல ஏதாவது இருக்குமா என்பதே எனக்குக் கவலை. மரீஸ் இரண்டு எண்கள் இருக்கும் பகுதியில் விரலை வைத்து, பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்:

"சொன்னதற்கும் அளந்ததற்கும் இவ்வளவு வித்தியாசம் வேறு யாருடைய படிவத்திலும் இல்லை. நீ உண்மையாகவே தராசை வெளியே எடுக்கிறாய். திங்கட்கிழமை வா."

நாட்டில் எத்தனை பேர் பருமன் என்று எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் என்னையும் சேர்த்து எல்லாரும் மனதுக்குள் ஒரு பத்துக் கிலோ மெலிவாகத்தான் நடமாடுகிறோம்.