ரோசம்மாவின் இருக்கையில் உட்கார்ந்த ஞானதாஸ் அண்ணன்

ஞானதாஸ் அண்ணன் போய்விட்டார் என்று பாறசாலையிலிருந்து போன் வந்தபோது, நான் அம்பூரியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எடுத்தவள் என் மனைவி ரோசம்மா. அவள் முகத்தைப் பார்த்ததும் சாவுச் செய்தி என்று புரிந்துவிட்டது.

அவரை அறிந்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். சாலையில் டயர் எழுப்பும் சத்தத்தை முன்கூட்டியே கணித்துக் குறைப்பதுதான் டயர் கம்பெனியில் அவர் வேலை. கொல்லத்தில் லாரி ஓடினால், என்ன டயர் என்று பாறசாலையில் இருந்தே சொல்வார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், கொஞ்சம்தான்.

ரோசம்மாவைச் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கு என் ஜீப்பில் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம். நோயைவிட டயரின் ஊளைதான் அவள் தலையைப் பிளந்தது. "இனி நான் வரமாட்டேன். செத்தாலும் சாரமில்ல" என்று படுத்துவிட்டாள். மகா விஞ்ஞானியாகிய நான் ஜீப்பின் தரை, கதவு, கூரை எங்கும் ரப்பர் ஷீட்டை அடைத்தேன். சத்தம் குறையவில்லை. நாற்றத்தில் அம்பூரிக் காக்கைகள் தமிழ்நாட்டுக்குக் குடிபோயின.

அண்ணன் வந்து மோந்து பார்த்தார்.

"எலே, இது வண்டியா, ஷீட்டு உணக்குத புகைப்புரையா?"

"சத்தத்த அடைச்சிருக்கேன் அண்ணே."

"அடைக்கது பெறவு. அது பொறக்கது கீழயாக்கும்."

ரோசம்மாவின் இருக்கையில், அவளைப் போலவே தலையைச் சாய்த்து உட்கார்ந்து, நெய்யாற்றின்கரை வரை ஓட்டச் சொன்னார். இறங்கி டயரைத் தடவினார். தரையில் படும் ரப்பர்க் கட்டைகள் ஒருபக்கமாகத் தேய்ந்து ரம்பப் பல்லாக நின்றன.

"சபையில பாடும்போ எல்லாரும் ஒரே இடத்துல மூச்செடுத்தா காதுல குத்தும் இல்லியா? டயருல கட்டையெல்லாம் ஒரே அளவுல ரோட்டுல தட்டினாலும் அப்படித்தான். கட்ட அளவு மாறிமாறி உள்ளத வாங்கிப் போடு மக்கா. மெதுவா போ. பாலராமபுரம் எத்துததுக்கு முந்தி அவ உறங்குவா."

போட்டேன். பாலராமபுரம் வரவில்லை, திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்து உறங்குகிறாள். அதற்குப் பிறகு ஒருநாளும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சிகிச்சை முடிந்தது.

அடக்கம் கழிந்து அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணனின் மனைவி லில்லி மதினி கட்டிலில் இருந்தார்.

"வீட்டுல ஒரு சத்தமும் இல்ல, பாத்தியா" என்றார்.

ஆறுதலாக என் நாக்கில் ஆயிரம் பொய்கள் வரிசையில் நின்றன. ஆனால் அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒன்றுதான்: நோகிறவர் இருக்கும் இடத்தில் முதலில் போய் உட்காருவது. மதினியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரிதான். ஒரு சத்தமும் இல்லை.