பாட்டுக்குள் வந்த விக்கல்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், மாங்குளத்தில் ஒலிபெருக்கிக் கடையும் பாட்டுக் குழுவும் நடத்தியவன். போர்நிறுத்தத்தில் வடக்குக்கான பாதை திறந்திருந்த காலத்தில், முன்பு பொப்பிசையில் கொடிகட்டிப் பறந்த பாடகி ஒருவர் எங்கள் ஒத்திகைக்கு வந்தார். கட்டையாக வெட்டிய நரைமுடி. பாட்டுக் கேட்டால் செருப்பு நுனி தாளம் போடும்.

“என்னை இஞ்சை ஆருக்கு ஞாபகம்?” என்றார்.

எங்கள் குழுப் பெண் அவருடைய பழைய பாட்டைப் பாடி, நடுவில் அழகாக விக்கினாள்.

“உங்கட ஸ்டைல்தான். என்ர குழுப் பிள்ளையள் எல்லாருக்கும் இந்த விக்கலை நான்தான் பழக்கினனான்,” என்றேன்.

“ஐயோ அண்ணை, ரெக்கோட் பண்ணேக்கை எனக்கு உண்மையாவே விக்கல் வந்திட்டுது!”

பிறகு அவரே பாடினார், விக்காமல்.

“அன்ரி, முக்கியமான இடத்தை விட்டிட்டியள்,” என்றாள் பெண்.

அவர் சிரித்துவிட்டு மறுபடி பாடினார். அதே இடத்தில் விக்கினார். வந்த விக்கலா, வரவழைத்ததா? எந்தக் குரலையும் எடைபோடும் என் காதுக்கே அது இன்றுவரை பிடிபடவில்லை.