செல்வி நெய்த நீலம்

செல்வி போய்விட்டாள். காலையில் அவள் தங்கை போன் செய்து சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்ததுகூட எனக்குத் தெரியாது...

உங்களில் பலருக்கு அவளைத் தெரிந்திருக்காது. மரக்காணத்தில் உப்பள வேலைக் குடும்பம். இடையஞ்சாவடியில் ஒரு தறி ஸ்டுடியோவில் நானும் அவளும் ஒன்றாக வேலை பார்த்தோம்.

சுவரில் மாட்டும் பெரிய பெரிய துணிச் சித்திரங்களைத் தறியிலேயே நெய்வாள். பழைய துணிகளைக் கெடாமல் காப்பாற்றும் வேலையும் சென்னையில் படித்துவிட்டு வந்தவள். ஒன்றில் எல்லாம் அவள் இஷ்டம். இன்னொன்றில் அவள் கை பட்டதே தெரியக் கூடாது.

2005. சென்னையில் அவளுடைய முதல் கண்காட்சி முடிவாகியிருந்தது. அதற்காகவே கருநீலப் பட்டில் ஒரு துணி நெய்து முடித்திருந்தாள். விடியும் நேரத்து உப்பளம். முழுக்க நீலம், ஓரத்தில் மட்டும் வெள்ளையாகச் சில பாத்திகள். அதைப் பார்த்துவிட்டு நான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை... அவ்வளவு பொறாமை.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஊர் சர்ச்சிலிருந்து மாதா அங்கி வந்தது. தேர்த் திருவிழாவில் சிலைக்குப் போர்த்தும் நீல வெல்வெட் அங்கி. சுனாமியில் கடல்தண்ணீர் குடித்திருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊர்ப் பெண்கள் பக்தியோடு சர்ச் கிணற்றில் தண்ணீர் இறைத்து அலசி, வெயிலில் காயப் போட்டிருக்கிறார்கள். கிணற்றுக்குள்ளேயும் கடல் வந்துபோனதை அந்த அவசரத்தில் யார் நினைத்தார்கள்? உப்புக்கு மேல் உப்பு. வெல்வெட் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. மடித்த இடமெல்லாம் ஜரிகை அப்பளம் மாதிரி நொறுங்கியது.

மறுபடியும் நல்ல தண்ணீரில் ஊற வைத்தாள். காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும். உப்பு போகும்வரை வெளியே எடுக்க முடியாது, எடுத்துக் காய்ந்தால் உப்பே நூலை அறுத்துவிடும். மெஷின் எல்லாம் இல்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். "இன்னும் கரிக்குதுடி..."

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தூசி வரும் என்று ஜன்னலெல்லாம் பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்தாயிற்று, ஃபேனும் போடக் கூடாது. நாங்கள் இருவரும் அதற்குள் வெந்துகொண்டிருந்தோம். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்றால், "நீ போ, நான் வரல" என்பாள்.

கண்காட்சி நடத்தும் மேடம் போன் மேல் போன். துணியை எப்போது அனுப்புகிறீர்கள்?

தண்ணீரிலிருந்து எடுத்து உலர்த்திய பிறகுதான் தெரிந்தது, வெல்வெட்டுக்குத் தன் கனத்தையே தாங்கும் சக்தி இல்லை. உள்பக்கம் இன்னொரு துணி கொடுத்துத் தைத்தால்தான் தேரில் ஏறும். புதிதாக நெய்ய நாள் இல்லை. பாண்டியில் வாங்கிவந்த துணியெல்லாம் நனைத்ததுமே சாயம் விட்டது.

அவள் அம்மா உப்பளத்திலிருந்து நேராக வந்து நின்றார். காலெல்லாம் வெடிப்பு. என் முன்னாலேயே கேட்டார்.

"ஊரே உன்ன நம்பிக்கினு இருக்குது. இல்லன்னு சொல்லிட்டு நீ மெட்ராசுக்குப் போயிடுவ. நாங்க இங்கதான இருக்கணும்?"

அம்மா பஸ் ஏறிப் போன பிறகு செல்வி அந்தக் கருநீலத் துணியை எடுத்து மேஜையில் விரித்தாள். அதில் சாயம் விடாது என்று அவளுக்குத் தெரியும், அவள் கையாலேயே திரும்பத் திரும்ப அலசிய துணி.

"ஏய்... வேணாம்டி. வேற ஏதாச்சும் பாக்கலாம்," என்றேன்.

"வேற என்ன இருக்குது, சொல்லு. கத்திரிய எடு."

அவளே வெட்டினாள். வெள்ளைப் பாத்திகள் மட்டும் கீற்றாக மிஞ்சின. கண்காட்சியில் அவள் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த ஊர் மேலேயே கோபம். அந்தக் கோபம் இன்றைக்கும் போகவில்லை.

திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். தேர் வந்தது. எல்லோரும் கும்பிடுகிறார்கள், அவள் மட்டும் அங்கியின் தோள்பட்டைத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உன் துணி எங்கனா தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா நான் வேலைய ஒழுங்கா செய்யலன்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு கோயில் திரைச்சீலை, யார் யாருடைய கல்யாணப் புடவை, இன்னொரு சர்ச் கொடி... எல்லாம் அவளைத் தேடி வந்தன. 2006-ல் நான் கல்யாணமாகிக் கிளம்பும்போது அவள் தறியில் பாவு நூல்கூட ஏற்றவில்லை. அதன் மேல் யாருடைய பழைய துணியோ உலர்ந்துகொண்டிருந்தது. "அடுத்த வருஷம் என்னோடத ஆரம்பிச்சிடுவேன்," என்றாள்.

ஆரம்பித்தாளா என்று தங்கையிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

போய் வா செல்வி. இனி யார் எதைக் கொண்டு வந்தாலும் கதவைத் திறக்காதே.