எக்ஸ்ரேக்கார அக்கா பார்க்கப் போன சாலை

பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்தான் அவள் உத்தியோகம். எக்ஸ்ரே எடுப்பது வேலை. கனமான கதவு, வழவழப்பான ஒரு மேசை, சுவரில் தொங்கும் ஈய அங்கி, ஓயாமல் உறுமும் ஏசி. தடுப்புக்குப் பின்னால் நின்று, "மூச்சை இழுங்க... புடிங்க... அசையாதீங்க... விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு மூச்சுப்புடி அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிதாகச் சேரும் டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை.

ஊருக்கு வெளியே ஓடிய பழைய நெடுஞ்சாலையை அவள் எலும்புகளாகத்தான் அறிந்திருந்தாள். கொக்கி வளைவு என்றால் தோள்பட்டை. குறுகல் பாலம் என்றால் முழங்கால். "எங்க விழுந்தீங்க?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் எதைப் படம் எடுக்க வேண்டியிருக்கும் என்று ஊகித்துவிடுவாள். பிறகு மலைக்கு அந்தப்பக்கமாக அகலமான புதுச்சாலை வந்தது. லாரியும் பஸ்ஸும் அங்கே போய்விட்டன. கொக்கி வளைவிலிருந்து ஆள் வருவது நின்றுபோனது. எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், அவளும்தான். ஆனால் அவள் மனதில் ஓர் ஆசை முளைத்தது. இத்தனை வருஷமாக வேலை கொடுத்த அந்த ரோட்டின் முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

கேமரா ஒன்று வாங்கினாள். நீண்ட லீவு போட்டாள். தனியாகத்தான் போக வேண்டியிருந்தது. அவள் கணவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். எந்தக் கணக்குக்கும் அசராதவருக்குக் காரில் ஏறி முதல் திருப்பம் தாண்டினால் போதும், வயிற்றைப் புரட்டும். கார் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே எலுமிச்சம்பழத்தைத் தேடுவார்.

அவளுடைய அக்காதான் குதித்தாள். "தனியாவா? லாட்ஜுல தங்கியா? எதைப் படம் எடுக்கப் போற?"

"ரோட்டை."

"ரோட்டை எதுக்குடி படம் எடுக்கணும்? அதுக்கென்ன கல்யாணமா பேசப் போறோம்?"

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "போகட்டும் விடுங்க. நான் கூடப் போனா அவ ரோட்டைப் பாக்க முடியாது, என்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கணும்."

அதோடு பேச்சு முடிந்தது.

முதல் நாள் முழுக்க அவள் மெதுவாக ஓட்டினாள். மைல்கல் வந்தால் நிறுத்தினாள். பூட்டிக் கிடந்த பெட்ரோல் பங்கு, பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்த ஹோட்டல், நடுவில் புல் முளைத்த எடைமேடை, எதையும் விடவில்லை. சாயங்காலம் லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து எடுத்ததையெல்லாம் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. ஒவ்வொன்றையும் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுத்து வைத்திருந்தாள். பெட்ரோல் பங்கு நெஞ்சுவலிக்கு வந்து நின்ற மாதிரி இருந்தது.

கணவரிடம் போனில் சொன்னாள்.

"சரி, எங்கயாவது எலும்பு முறிஞ்சிருக்கா?" என்றார் அவர்.

"ஹோட்டலுக்குத்தான் கொஞ்சம் தேய்மானம்."

மறுநாள் காலை கொக்கி வளைவுக்கு வந்தாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நடந்தாள். இத்தனை பேரை உருட்டிவிட்ட இடம் எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று என்னென்னவோ நினைத்து வைத்திருந்தாள். பார்த்தால், சாதாரண வளைவு. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் சரிவு, சரிவு நிறைய மஞ்சள் பூ. நடு ரோட்டில் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பிரேக் அடித்த கறுப்புத் தடங்கள் வெயிலில் வெளுத்துப்போய், உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தன. அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். எந்த வண்டியும் வரவில்லை. மனசு லேசாக இருந்தது. நேராகவும் இல்லாமல் பக்கவாட்டிலும் இல்லாமல், ஆடுகளுக்குச் சமமாகக் குனிந்து உட்கார்ந்து ஒரு படம் எடுத்தாள்.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் கார் ஒருபக்கமாக இழுத்தது. முன்சக்கரம் பஞ்சர். நல்லவேளை, எதிரிலேயே பஞ்சர் கடை. ஒன்றல்ல, இரண்டு. ஒரே கூரைக்குக் கீழே நடுவில் ஒரு சுவர், இந்தப்பக்கம் ஒரு கடை, அந்தப்பக்கம் ஒரு கடை. இரண்டிலிருந்தும் ஒரே மூக்கு, ஒரே காது உள்ள இரண்டு பேர் வெளியே வந்தார்கள். ஒருவருக்குத் தலை நரைத்திருந்தது. மற்றவருக்குத் தலையில் நரைக்க ஒன்றும் இல்லை.

அண்ணன் தம்பிகள்தான். அப்பா விட்டுப்போன கடையைப் பிரித்தபோது சுவர் ஒரு சாண் தள்ளி வந்துவிட்டது என்று சண்டை. அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. இதைத் தம்பி சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டே அவளிடம் சொன்னார். முன்சக்கரம் அவர் வாசலில் நின்றதால் வேலை அவருக்கு. பின்சக்கரம் அண்ணன் வாசலில் நின்றது. அண்ணன் அந்த நல்ல சக்கரத்தையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஜாக்கி அண்ணனிடம்தான் இருந்தது. காற்றடிக்கும் மெஷின் தம்பியிடம். தம்பி சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். ஜாக்கி சுவரோரமாக உருண்டு வந்தது. சுவரில் ஓர் ஓட்டை போட்டு அதன் வழியாகக் காற்றுக்குழாயை அந்தப்பக்கமும் விட்டிருந்தார்கள். பேச்சு மட்டும்தான் இல்லை.

அவள் அந்த ஓட்டையைப் படம் எடுத்தாள். பிறகு அண்ணனைக் கவனித்தாள். அவருடைய இடது கை தோளுக்கு மேலே எழவில்லை.

"தோள்பட்டை உடைஞ்சிருக்கா உங்களுக்கு?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க? முன்னாடி கொக்கி வளைவுல சறுக்கிட்டேன்."

"பெரிய ஆஸ்பத்திரிலயா காட்டினீங்க? கீழ்த்தளத்துல எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

"ஆமா. ஒரு அம்மா மூச்சை விடவே விடல."

"அது நான்தான்."

அவர் திகைத்துப்போய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப என்னை ஏற்கெனவே படம் எடுத்துட்டீங்க."

"அது உள்ள எடுத்தது. இப்ப வெளிய எடுக்கணும். அன்னிக்கு உங்களை யாரு தூக்கிட்டு வந்தா?"

அண்ணன் மோவாயால் சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தப்பக்கம் தம்பி தலையைக் குனிந்து டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டோடு ஆட்கள் தானாக வருவார்கள். இங்கே கெஞ்சத்தான் வேண்டியிருந்தது. "அவங்கவங்க வாசல்லயே நில்லுங்க. நான் எதிர்ப்பக்கம் போயிடறேன். நீங்க பேச வேண்டாம், பாக்கக்கூட வேண்டாம்." அந்த ஏற்பாட்டுக்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அண்ணன் கைலியை இறக்கிவிட்டார். தம்பி வழுக்கையைத் துடைத்துக்கொண்டார்.

ரோட்டைத் தாண்டிப் போய்க் கேமராவைக் கண்ணில் வைத்தாள். இருவரும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார்கள். அவளையும் அறியாமல் வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"மூச்சை இழுங்க... புடிங்க... அசையாதீங்க..."

இரண்டு நெஞ்சும் ஒரே நேரத்தில் புடைத்தன. அந்த நேரம் பார்த்துக் கேமராவில் எந்தப் பொத்தானோ அழுந்தி, திரை இருண்டுபோனது. அவள் தடவித் தடவித் தேடினாள். விடச் சொல்ல மறந்தே போனாள்.

"அக்கா... விடலாமா?" என்று தம்பி தொண்டையிலிருந்து முனகினார்.

"டேய், அவங்க சொல்ற வரைக்கும் விடாதடா!" என்றார் அண்ணன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் பேசினோம் என்று அவருக்கே உறைத்தது. தம்பி மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"நீ மொதல்ல விடுண்ணே. மூஞ்சி செவந்துபோச்சு."

அண்ணனின் மூச்சு வெடித்துச் சிரிப்பாக வந்தது. தம்பி தன் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கேமராத் திரை மறுபடி ஒளிர, அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

சுவர் இடிந்துவிடவில்லை. சிரித்து முடித்ததும் இருவருக்கும் வெட்கம் வந்துவிட்டது. ஒருவர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு உள்ளே போனார், இன்னொருவர் தேடாமலே போனார். ஆனால் அவள் கிளம்பும்போது அண்ணன் வெளியே வந்து, மாட்டிய சக்கரத்தை ஓர் உதை உதைத்துப் பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

பழைய சாலை முடிந்து புதுச்சாலையோடு சேரும் இடம்வரை அவள் போனாள். வழியில் கண்ட ஆட்களையெல்லாம் கூச்சமில்லாமல் கூப்பிட்டு நிறுத்தினாள். மாடு ஓட்டி வந்தவர், பாலத்துக்கடியில் துணி துவைத்தவர்கள், யாரும் மறுக்கவில்லை. புதுச்சாலையில் ஏறினால் சீக்கிரமே வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே வந்தாள்.

ஊர் திரும்பியதும் அந்தப் படத்தில் இரண்டு பிரதி போட்டு இரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினாள். முதலில் அண்ணன் போன் செய்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. அவனுக்கும் இதே சைஸ்தானா?"

"அதே சைஸ்தான். வேணும்னா போய் அளந்து பாருங்க."

"பாக்கறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை.

அக்காவும் வந்து எல்லாப் படத்தையும் பார்த்தாள். முடிவில், "இத்தனை எடுத்திருக்கே, உன்னோட மூஞ்சி ஒண்ணுலகூட இல்லையே?" என்று குறைப்பட்டாள். அவள் காபி ஆற்றிக்கொண்டே, "நான் அங்கதானே இருந்தேன்" என்றாள். கணவர் ஆடுகள் படுத்திருந்த வளைவின் படத்தைத் தனியே எடுத்து, டியூஷன் அறைச் சுவரில் எங்கே ஆணி அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.