பர்லியாரில் என் லாரி நின்ற காரணம்

அறுபதைத் தாண்டிய பிறகு சிறுநீர் என்னைப் படாதபாடு படுத்தியது. அவசரமாக முட்டும். போய் நின்றால் வராது. சொட்டுச் சொட்டாகப் போகும், முழுசாகப் போன மாதிரியே இருக்காது. நீலகிரி மலையில் எமரால்டு ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிப்போகும் லாரி டிரைவர் நான். வழியில் பர்லியாரில் ஓரங்கட்டாமல் மலை இறங்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

வெளியே சொல்ல வெட்கம். டாக்டர் மேலேயும் சந்தேகம். போனால் அறுத்துவிடுவார்கள், ஆண்மை போய்விடும் என்று பயந்தேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு முருகனிடம் மட்டும் அழுதேன். "முருகா, இதை என் வாயால சொல்ல முடியல. நீயே ஒரு வழி காட்டு."

இதற்கிடையே கூட ஓட்டும் டிரைவர் ஒருவர் என் மனைவி சரசுவிடம், "அண்ணன் வண்டி பர்லியாரை விட்டு நகரவே மாட்டேங்குதுங்க" என்று சிரித்திருக்கிறார். அங்கே பழம் விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து சரசு என் சட்டையை மோந்து பார்த்தாள். போனைத் துழாவினாள். யாரோ அவளிடம் என் நோயைச் சொல்லிவிட்டார்களோ என்று நான் சந்தேகித்தேன்.

ஒரு மார்கழிக் காலையில், "தங்கச்சி ஊட்டுக்குப் போகோணும்" என்று லாரியில் ஏறிக்கொண்டாள். அன்று சளிக்கு மாத்திரை போட்டிருந்தேன். பர்லியாரில் இறங்கி மறைவாகப் போனேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது.

பின்னாலேயே வந்தாள். "ஏனுங்க, எங்க அவ?"

"ஒருத்தியும் இல்ல புள்ள. ஒண்ணுக்கு வரமாட்டேங்குது." மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"இதையா எங்கிட்ட மறைச்சீங்க?" என்றவள், ஓடிப்போய் ஒரு காரை மறித்தாள்.

மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரியில் சிறுநீர் வெளியேற டியூப் போட்டார்கள். உயிர் திரும்பியது. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வயதாக ஆக வீங்கிப் பாதையை நெருக்கும், சளி மாத்திரை சில சமயம் அதை மோசமாக்கும், விட்டிருந்தால் கிட்னியும் கெட்டிருக்கும் என்றார் டாக்டர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. புற்றுநோயை மறைக்கிறாரோ? சரசுதான் நேராகக் கேட்டாள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்றார்.

மாத்திரை கொடுத்து, சில நாள் கழித்து டியூபை எடுத்தார்கள். மறுபடி அடைத்தது. வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே ஆபரேஷன் என்றதும் ஆண்மை போய்விடுமோ என்ற பழைய பயம் திரும்பியது. அதையும் டாக்டரிடம் சரசுவே கேட்டாள்.

"விந்து வெளிய வர்றதுல மாற்றம் இருக்கும்மா. மத்தபடி பெரும்பாலும் தாம்பத்தியம் கெடாது" என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இன்று நல்லபடியாக லாரி ஓட்டுகிறேன். என்னால் சொல்ல முடியாததை முருகன் சரசுவை வைத்துக் கேட்க வைத்தான். இதே கஷ்டத்தோடு இதைப் படிக்கும் அன்பர்களே, அவனை நம்பிக் கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு வீட்டில் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். என்னைப் போல் மரத்தடியில் நின்று அழுகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள்.