செல்வியக்காவின் ஃபைலில் நான் கை வைத்த மதியம்

சாக்ஸ் நாற்றம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ரூமுக்குள் ஷூ போட்டு வரக் கூடாது. மெஷினுக்குத் தூசி ஆகாதாம்... நாற்றம் ஆகுமாம்.

2000களின் தொடக்கம். ஓசூர் ரோடு பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. எனக்குப் பத்தொன்பது வயது, என் வாய்க்கு நாற்பது.

வேலை என்னவென்றால், கம்ப்யூட்டருக்கு மொழி பழக்குவதற்காக ஸ்பானிஷ் வாக்கியங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறி போடுவது. எங்களில் ஒருவருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. ஒரு ரூல் புக், ஒரு சொல் பட்டியல், அவ்வளவுதான்.

அதில் எண்கள் தனிக் கூத்து. 'தோஸ்' என்றால் இரண்டு, அதற்கு எண் குறி. 'மில்யோன்' என்றால் பத்து லட்சம், அதற்கு மட்டும் பெயர்ச்சொல் குறி, அதாவது 'நவுன்'. "பத்து லட்சம் வந்துட்டா கெத்து, தன்னை நம்பர்னு சொல்லிக்காது" என்று நான் உளறியதில்தான் எல்லாருக்கும் அந்த ரூல் மனப்பாடம் ஆனது.

ஒரே ஃபைலை இரண்டு பேர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். ஒத்துப்போகாத இடங்களை எங்கள் டீம் லீட் பார்த்து, தப்பு யாருடையது என்று எழுதி வைப்பார்.

என் ஜோடி செல்வியக்கா. பீன்யா ஃபேக்டரியில் பேக்கிங் பார்த்துக்கொண்டே டைப்பிங் படித்து வந்தவர். அவருக்கு மூன்று மாத ட்ரையல். அது முடிய இன்னும் நான்கே நாள்.

அன்று மதியம் அக்கா டிபன் பாக்ஸ் கழுவப் போனார். ஸ்க்ரீன் திறந்தே கிடந்தது. நான் உட்கார்ந்து, அவர் ஃபைலில் இருந்த எல்லா 'மில்யோன்' சொல்லுக்கும் எண் குறி என்று மாற்றிவிட்டேன். அனுப்பும் முன் அக்கா வரி வரியாகச் சரிபார்ப்பார். "எந்த நாய்டா இது?" என்று கத்துவார், சிரிக்கலாம்... அவ்வளவுதான் திட்டம்.

நான் கீழே பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது ஸ்கூலிலிருந்து அக்காவுக்குப் போன். பிள்ளைக்குக் காய்ச்சல். நின்றபடியே ஃபைலை அனுப்பிவிட்டு ஓடிவிட்டார்.

மறுநாள் லீட், தன் கன்னடம் கலந்த தமிழில், அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏனம்மா, மூணு மாசமாச்சு. இது கூடவா கொத்தில்ல, தெரியாதா?"

"நவுன்னுதான் சார் போட்டேன்."

அவர் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினார். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ... நான்தான் மறந்திருப்பேன் சார்."

நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்கள். நாற்பது வயது வாய், திறக்கவே இல்லை.

டீ டைமில் அக்கா நோட்டோடு என்னிடம் வந்தார். "டேய், அந்த பத்து லட்சம் ரூல் இன்னொரு வாட்டி சொல்லுடா. எனக்கு மண்டையில நிக்க மாட்டேங்குது."

அவருக்கு நன்றாகத் தெரிந்த ரூலை அவருக்கே சொல்லிக் கொடுத்தேன்.

"தேங்க்ஸ்டா தம்பி" என்றார். அதைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

நான்காம் நாள் அக்காவை வேண்டாம் என்றுவிட்டார்கள். திரும்ப பேக்கிங்குக்கே போனதாகக் கேள்வி. நான் தேடிப் போகவில்லை.

இப்போது வைட்ஃபீல்டில் நானே ஒரு லீட். யார், எத்தனை மணிக்கு, எந்தக் குறியை மாற்றினார் என்று மெஷினே எழுதி வைக்கிறது. "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று பசங்க முணுமுணுக்கிறார்கள்.

அன்றைக்கு இது இருந்திருந்தால் சாயங்காலத்துக்குள் நான் மாட்டியிருப்பேன்... அக்கா தன்னையே சந்தேகப்பட்டிருக்க மாட்டார்.