மீன் படாத பானை

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் ஒரு படகு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தருவைகுளத்திலிருந்து செல்வன் போன் செய்தான். "மாமா, அம்மா போயிட்டா. சாயங்காலம் அடக்கம். வந்துருங்க." ரீத்தம்மாள் அக்கா இறந்துவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நான் செய்தது தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார், இனி தப்பித்தேன் என்று மனம் ஒரு நிமிடம் மூச்சு விட்டது. அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்துபோனேன்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் உங்களுக்கு அக்காவைத் தெரியும்; அவர் கணவர் சூசை அண்ணன் கடலில் இறந்துபோனதும் தெரியும். காற்றில் படகு கவிழ்ந்தது என்றுதான் ஊர் நம்புகிறது. ஆனால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனதால்தான் படகு அந்தக் காற்றுக்குத் தப்ப முடியவில்லை. முந்தின நாள் அந்த எஞ்சினைப் பழுது பார்த்தவன் நான். எஞ்சின் சூடேறி நிற்காமல் காக்கும் தண்ணீர் பம்பில் தேய்ந்திருந்த ரப்பரை மாற்றவில்லை. குலசை அம்மன் கோயில் தசராவுக்குப் போகும் அவசரத்தில், "மாத்தியாச்சு அண்ணே" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அடுத்த வருடத் தசராவுக்குப் பரிகாரமாக விரதம் இருந்து காளி வேஷம் போட்டேன். வேஷம் போட்டவர்கள் வீடு வீடாகப் போய்க் காணிக்கை எடுக்க வேண்டும். அக்கா வீட்டுக்கும் போனேன். இத்தனை சாயத்துக்குள் என்னை யாருக்குத் தெரியப்போகிறது என்ற துணிச்சல்தான். ஆனால் தட்டு நீட்டிய கை உதறியது. அக்கா உற்றுப் பார்த்தார்.

"ஏலே இசக்கி, காளியே இப்பிடி நடுங்குனா அசுரன் எப்பிடிப் பயப்படுவான்?"

அதோடு என் துணிச்சல் போயிற்று. வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா உள்ளே போனார். தெருவைக் கூட்டப்போகிறார், அடித்தே கொல்வார்கள் என்று நினைத்தேன். அவர் பச்சரிசியும் ஒரு பானையுமாகத் திரும்பி வந்தார்.

"ஒன்ன மன்னிக்க எனக்கு இன்னும் முடியல. ஆனா எங்க சாமி பாவிகளோட ஒக்காந்து சாப்பிட்டவரு. அவரு தொறந்து வச்ச கதவ நான் அடைக்க முடியாது. இது புதுப்பானை, மீன் படல. ஒன் விரதம் கெடாது. உள்ள வந்து பொங்கிச் சாப்பிடு."

அதன்பின் ஒவ்வொரு தசராவுக்கும் அந்தப் பானை எனக்காக இருந்தது. வீடெல்லாம் மீன் மணக்கும்; அதில் மட்டும் மீன் பட்டதில்லை. மாதா கோயிலுக்குப் போகிறவள் வீட்டில் காளி வேஷமா என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை கேட்டாள். "கடல்ல விழுந்தவன, எந்தக் கோயில்னு கேட்டுட்டா தூக்குதோம்?" என்றார் அக்கா. அவர் என்னை எந்த வருடம் மன்னித்தார், மன்னித்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. கேட்கப் பயம்.

அடக்கம் முடிந்ததும் செல்வன் அந்தப் பானையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "அம்மா ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னா. எதுக்கு மாமா?"

அவனுக்கு அப்படியே சூசை அண்ணன் முகம். ரப்பரை மாற்றாததையும் பொய் சொன்னதையும் எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவன் கடலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பானையை என் கையிலிருந்து பிடுங்கினான். தலையில்தான் போடப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது இங்கனயே இருக்கட்டும். தசராவுக்கு வாங்க," என்றான். "இப்ப போயிருங்க மாமா."

அவனிடம் சொன்னபின் உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அக்காவின் பானை என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, மறுபடியும் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்ற பயம்தான். கை நடுங்கத்தான் செய்யும். போவேன்.